அட்டாலியில் கிடந்த பட்டாளம்

முதல் நாள், உக்கடம்

சேரன் எக்ஸ்பிரஸ் கோவையில் இறக்கிவிட்டபோது இன்னும் சரியாக விடியவில்லை. மாமன் மகன் வேனோடு வந்திருந்தான். பின்சீட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டானாம். "டேங்க்கு கெடச்சா எடம் வேணுமல்ல மச்சான்?" என்றான். நான் தேடுகிற டேங்க் உள்ளங்கையில் அடங்கிவிடும் என்று அவனுக்கும் தெரியும்.

பழைய விண்வெளிப் பொம்மைகள், ராணுவப் பொம்மைகள், மாடல்கள், இவைதான் நான் சேர்ப்பவை. தகர ரோபோ, வார்ப்பு உலோக டேங்க், பசை போட்டு ஒட்டும் பிளாஸ்டிக் விமானம், கை கால் மடங்கும் சிப்பாய் என்று வீட்டில் இரண்டு பீரோ நிறைந்துவிட்டது. சென்னையில் இல்லாததா கொங்கு நாட்டில் கிடைக்கப் போகிறது என்று நண்பர்கள் கேட்டார்கள். இங்கே கிடைப்பது வேறு வகை. வெளிநாட்டு நுகர்பொருள் இறக்குமதிக்கு நம் நாட்டில் நெடுங்காலம் கட்டுப்பாடு இருந்தது. அதில் கடைசியாக மிஞ்சியதும் 2001 ஏப்ரல் 1-இல்தான் நீங்கியது. அதற்கு முன் ஒரு ஜப்பான் ரோபோவோ இங்கிலாந்து டேங்க்கோ ஒரு வீட்டுக்குள் வந்திருந்தால், பெரும்பாலும் யாரோ ஒருவரின் டிரங்குப் பெட்டியில் துணிமணிக்கு நடுவே வந்திருக்கும். மில் இயந்திரம் பார்க்கச் சீமைக்குப் போனவர்கள், சிங்கப்பூரில் சம்பாதித்தவர்கள், ரயில்வேயில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எல்லோரும் கோவையைச் சுற்றி இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்தவை இன்னும் அட்டாலியில் கிடக்கின்றன. கொங்கில் பரணை அட்டாலி என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல்.

உக்கடத்தில் பழைய இரும்பும் பிளாஸ்டிக்கும் எடைக்கு எடுக்கிற கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நாலாவது கடையில், உடைந்த வாளிகளுக்கும் எண்ணெய் டப்பாக்களுக்கும் நடுவே முட்டி மடங்கிய ஒரு பச்சைக் கால் தெரிந்தது. சாக்கைக் கவிழ்த்தால் 11 ஜி.ஐ. ஜோ சிப்பாய்ப் பொம்மைகள். எல்லாம் இடுப்போடு இரண்டாகப் பிரிந்து கிடந்தன.

1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் விற்ற முதல் ஜி.ஐ. ஜோவுக்கு உயரம் 12 அங்குலம். 1978-இல் கென்னர் நிறுவனம் விண்வெளி வீரர்களை 3¾ அங்குலத்தில் செய்து, அவர்கள் ஏறி உட்கார ஊர்திகளும் விற்று வெற்றி கண்டது. 1982-இல் ஜி.ஐ. ஜோவும் அதே உயரத்துக்கு இறங்கிவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் கண்டது இந்தச் சின்னவரைத்தான். எம்.ஆர்.எஃப்-உம் ஹாஸ்புரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் இவற்றை இந்தியாவிலேயே வார்த்தது. அச்சு அமெரிக்காவுடையது, நிறம் பல சமயம் இங்கே முடிவானது. அமெரிக்காவில் கறுப்புச் சட்டை போட்டவர் இங்கே பளிச்சென்ற வேறொரு சட்டையில் வருவார். அந்த நிற வேறுபாட்டுக்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியப் பொம்மைகளைத் தேடுகிறார்கள்.

கடைக்காரர் தராசில் போட்டார். பிளாஸ்டிக் விலைதான். "இது எந்த ஊட்டுச் சாமானுங்க?" என்று கேட்டேன். "ஆருக்குத் தெரியுமுங்க, வண்டில வந்துச்சு, கொட்டீட்டுப் போனாங்க" என்றார்.

வருத்தமாக இருந்தது. ஒரு பொம்மை எந்த வீட்டில் இருந்தது, யார் வாங்கித் தந்தது, யார் விளையாடியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அந்த விவரம் இல்லாத பொம்மையை எனக்குப் பாதிப் பொம்மையாகத்தான் பார்க்க முடிகிறது. இன்று நோட்டில் எழுதியது: "11 சிப்பாய்கள். உக்கடம். வீடு தெரியவில்லை."

இரண்டாம் நாள், போத்தனூர்

1862-இலேயே ரயில் வந்துவிட்ட ஊர் போத்தனூர். ரயில்வே காலனிப் பக்கம், முன்னால் திண்ணையும் பக்கத்தில் மாமரமுமாக ஒரு ஓட்டு வீடு. எண்பதைத் தாண்டிய ஆன்ட்டி ஒருவர் தனியாக இருக்கிறார். அவருடைய அப்பா நீராவி இன்ஜின் ஓட்டியவர். தேவாலயத்தில் பழக்கமான நண்பர் ஒருவர் வழியாகப் போன வாரமே பேசி வைத்திருந்தேன்.

"முதல்ல கேக் சாப்பிடுப்பா, அப்புறம் பெட்டியத் திறக்கலாம்" என்றார். கேக் முடிய அரைமணி ஆனது. அந்த அரைமணி என் கண் முழுக்க டிரங்குப் பெட்டி மேல்தான்.

உள்ளே மூன்று பொருள்.

முதலாவது, நீலமும் வெள்ளையும் கோடு போட்ட அட்டைப் பெட்டி. திறக்காமலே தெரிந்துவிட்டது. டிங்கி சூப்பர்டாய்ஸ், எண் 651, சென்சூரியன் டேங்க். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் 1954-இல் வெளியிட்டது. நிஜ சென்சூரியன் 1965 போரில் நம் ராணுவத்திடம் இருந்தது, பஞ்சாபில் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டேங்க்குகளை எதிர்த்து நின்றது. அதனால் நம் ஊரில் இந்த ஒரு பொம்மைக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன். கோபுரம் இன்னும் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. ரப்பர் பட்டை இரண்டும் காய்ந்து வெடித்திருக்கின்றன. பெட்டி மூடியின் உள்பக்கம் பென்சிலில் "கிறிஸ்துமஸ் 1960" என்று இருந்தது. லண்டனுக்குப் போய்விட்ட அண்ணன், ஆன்ட்டியின் பையனுக்கு அனுப்பியதாம். பையன் இப்போது ஆஸ்திரேலியாவில் தாத்தா ஆகிவிட்டார்.

இரண்டாவது, ஒரு சின்னக் கார். அடித்தகட்டைத் திருப்பினால் "நிக்கி டாய்ஸ்". இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெக்கானோ தன் பழைய டிங்கி அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவில் இருந்த எஸ். குமார் நிறுவனத்துக்கு விற்றது. 1960-களின் கடைசியிலிருந்து அவர்கள் அதே அச்சில் வார்த்து, டிங்கி என்ற பெயர் இருந்த இடத்தில் நிக்கி என்று போட்டு விற்றார்கள். பெயின்ட் தடிமனாக இருக்கும், ஓரங்கள் அவ்வளவு கூர்மையாக இருக்காது, தேய்ந்த அச்சு என்று கை வைத்தால் தெரியும். மட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். லிவர்பூல் தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது, அந்த அச்சுகளில் சில நம் நாட்டில்தான் கடைசிவரை உழைத்தன. ஆன்ட்டி இதைக் கோவை பெரிய கடை வீதியில் வாங்கியதாகச் சொன்னார். வருடம் நினைவில்லை, "மழை நாள், கடைக்காரர் குடை கொடுத்து அனுப்பினார்" என்பது நினைவிருக்கிறது. அப்படியே எழுதிக்கொண்டேன்.

மூன்றாவது, கைக்குட்டையில் முடிந்த ஒரு பொட்டலம். அவிழ்த்தால் சாம்பல் நிறத் தூளும் துண்டுகளும். ஒரு துண்டில் இறக்கையின் வளைவு தெரிந்தது. ஃபேரி பேட்டில் குண்டுவீச்சு விமானம், 1930-களின் கடைசியில் டிங்கி செய்தது. அண்ணன் சிறுவனாக இருந்தபோது அப்பா மெட்ராஸில் வாங்கித் தந்தாராம். "நான் கீழே போடவே இல்லப்பா. பெட்டிக்குள்ளேயே உடைஞ்சுடுச்சு. அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல" என்றார். அண்ணன் இறந்து பல வருடம் ஆகிறது.

அவர் உடைக்கவில்லை. யாருமே உடைக்கவில்லை. அது ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

மூன்றாம் நாள், கணபதி

கணபதியில் ஒரு ஃபவுண்டரி. அங்கே நாற்பது வருடம் வார்ப்பு வேலை பார்த்த மேஸ்திரியிடம் கைக்குட்டைப் பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினார், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஜிங்க்குல ஈயம் சேந்திருச்சுங்க தம்பி. அவ்வளவுதான்."

அவர் சொன்னதையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பொம்மைகளின் உலோகம் ஜிங்க் எனப்படும் துத்தநாகத்தின் கலவை. அலுமினியம் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பங்கு, கூடவே சிறிது மெக்னீசியமும் செம்பும். அமெரிக்காவில் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929-இல் உருவாக்கியது. நான்கு உலோகங்களின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து ஜமாக் என்று பெயர். சீக்கிரம் உருகும், மெல்லிய அச்சிலும் நன்றாக ஓடிப் பாயும், பொம்மைக்கு இதைவிடத் தோதான உலோகம் கிடையாது. ஆனால் துளி ஈயம் சேர்ந்தால் போதும், உலோகத்தின் மணிமணியான உள்கட்டுக்கு நடுவே அரிப்பு தொடங்கிவிடும். காற்றின் ஈரம் அதை வளர்க்கும். பொம்மை முதலில் உப்பும், பிறகு வளையும், பிறகு வெடிக்கும். வார்த்த அன்றைக்கே உள்ளே புகுந்த நோய் அது, வெளியே தெரிய இருபது முப்பது வருடம்கூட ஆகலாம். போருக்கு முன் வந்த டிங்கிகளில் இது அதிகம், விமானங்களில் மிக அதிகம். மருந்து கிடையாது. ஈரம் படாமல் வைத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

"இப்ப எங்களுக்கு வர்ற ஜிங்க்கு நாலு ஒம்பதுங்க" என்றார் மேஸ்திரி. 99.99 சதவீதச் சுத்தம் என்று அர்த்தம். "ஈயம் உருக்குன சட்டிய இந்தப் பக்கமே கொண்டார உட மாட்டேன். பழைய சாமான எவனாச்சும் சட்டில வீசுனா அன்னைக்கு அவனுக்கு வேலை இல்ல."

மதியமே ஆன்ட்டிக்குப் போன் செய்து சொன்னேன். வார்த்தபோதே வந்த கோளாறு, உங்கள் கை படாமல் இருந்திருந்தாலும் இதே கதிதான் என்று. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு, "எழுபது வருஷம் ஆச்சுப்பா" என்றார்.

மேஸ்திரி டேங்க்கையும் பார்த்தார். தட்டிச் சத்தம் கேட்டு, நல்ல வார்ப்பு என்றார். ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்த இடத்தைக் காட்டி, "தேச்சுப்போட்டுப் புதுசா அடிச்சுரலாங்களா? கம்ப்ரசர் இங்கயே இருக்குது" என்று அன்போடு கேட்டார். வேண்டாம் என்றேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு டிங்கி ராணுவ லாரியைச் சுரண்டி, அழகாகப் பச்சை அடித்தேன். காய்ந்த பிறகு பார்த்தால், அதில் விளையாடிய பிள்ளையின் கைத்தேய்மானம் முழுக்கப் போயிருந்தது. அந்த லாரியை இன்றும் வைத்திருக்கிறேன், எடுத்துப் பார்க்க மனம் வருவதில்லை. அதற்குப் பிறகு எதற்கும் பெயின்ட் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ரப்பர் பட்டை மாற்றலாம், திருகாணி மாற்றலாம். பழையதைக் கழற்றி ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வைக்க வேண்டும், அவ்வளவே.

சாயங்காலம் உக்கடத்துச் சிப்பாய்களுக்கு வைத்தியம். ஜி.ஐ. ஜோவின் உடம்புக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. கால்கள் மாட்டியிருக்கும் கொக்கியிலிருந்து இடுப்பு வழியே ஏறி, மார்புக்குள் இருக்கும் திருகாணித் தண்டில் சுற்றி நிற்கும். ஆள் குனிவதும் திரும்புவதும் அந்த ஒரு வளையத்தால்தான். ரப்பர் காய்ந்து அறுந்தால் இரண்டு துண்டு. வெளிநாட்டில் இதற்கென்றே பாக்கெட் போட்டு விற்கிறார்கள். நமக்கு எதற்கு அது? பம்ப்செட்டுக்குப் பேர்போன ஊரில் ஓ-ரிங்குக்கா பஞ்சம்? அறுந்த வளையத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஆயில் சீல் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் அதை ஒரு பார்வை பார்த்தார், சுவரோரம் இருந்த சின்ன டப்பாக்களில் மூன்றாவதைத் திறந்தார், நைட்ரைல் ரப்பர் வளையம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அளவே எடுக்கவில்லை. அப்படியே பொருந்தியது. 25 வாங்கினேன். "எந்த பம்ப்புக்குங்க?" என்றார். பையிலிருந்து சிப்பாயை எடுத்துக் காட்டினேன். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

இரவு பத்து மணிக்குள் 9 பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். மற்ற இருவருக்கும் இடுப்புப் பகுதியே உடைந்திருக்கிறது. கட்டைவிரல் முழுசாக இருப்பது நாலு பேருக்குத்தான். துப்பாக்கியைப் பிடிக்க வைக்கும்போது முதலில் போவது கட்டைவிரல்.

நாலாம் நாள், சூலூர் வழியாகக் காங்கயம்

பெரும்பாலும் சாலைதான் இன்று. விமானப்படைத் தளத்துக்கு வெளியே தள்ளி ஒரு டீக்கடையில் நின்றோம், தேஜஸ் ஒன்று தலைக்கு மேலே போனது, டம்ளர் அதிர்ந்தது. 2020 மே மாதம் இங்கே தேஜஸோடு மீண்டும் எழுந்த 18-வது ஸ்குவாட்ரன், முன்பு நேட் விமானம் ஓட்டிய படை. 1971 டிசம்பர் 14-இல் ஸ்ரீநகர் வானில் தனியாக எதிர்த்து நின்று உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் செகோன் அந்தப் படையைச் சேர்ந்தவர். விமானப்படையில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். நான் ஒட்டிய முதல் மாடலே ஒரு நேட், ஏர்ஃபிக்ஸ் பெட்டி, 72-இல் ஒரு பங்கு அளவு. பசையை அதிகமாக வைத்து விமானியின் கண்ணாடிக் கூண்டு மங்கிப்போனது.

72 என்ற எண் விசித்திரமாகத் தெரியும். அடி அங்குலக் கணக்கில் பார்த்தால் எளிது. 6 அடி என்பது 72 அங்குலம், ஆக ஆறடி ஆள் இதில் ஓர் அங்குல உயரம். இரண்டாம் உலகப் போரில் எதிரி விமானத்தை நிழலுருவை வைத்தே அடையாளம் காணச் சிப்பாய்களுக்குப் பயிற்சி தந்தபோது, இந்த அளவில் கறுப்பு மாதிரிகளைச் செய்து கொடுத்தார்கள். சூலூரில் அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளம் இருந்தது. இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது டீ ஆற்றிக்கொண்டிருந்த பெரியவர் நிறுத்திவிட்டு, "கறுப்பு ஏரோப்ளேனுங்களா? மரத்துல? எங்க அப்பாரு ஊட்டுல ஒண்ணு கெடந்துச்சுங்க" என்றார்.

நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"மழைக்காலத்துல வெறகு ஈரமாப் போச்சுன்னு ஆத்தா அடுப்புல வெச்சுட்டாங்க."

அதையும் நோட்டில் எழுதினேன்.

காங்கயத்தில் அம்மிச்சி வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம், நெய், தயிர். எங்கள் வீட்டு அட்டாலியில் பொம்மை எதுவும் இல்லை, உழவுச் சாமானும் பித்தளை அண்டாவும்தான். சீக்கிரம் படுக்கிறேன், நாளை பவானி.

ஐந்தாம் நாள், பவானி

இந்தப் பயணமே இதற்காகத்தான். மூன்று மாதத்துக்கு முன் ஒருவர் மங்கலான ஒரு படம் அனுப்பியிருந்தார். தலையில் கண்ணாடி, மார்பில் இரட்டைக் கதவு, "எங்க பாட்டி ஊட்டுல இருக்குதுங்க, இது எதாச்சும் ஆகுமா?" என்று கேட்டிருந்தார்.

கூடுதுறையிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. முன்கூடத்தில் குழித்தறி, அதில் பாதி நெய்த சிவப்பு ஜமக்காளம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். "வா சாமி, சந்தகை ஊத்தி வெச்சிருக்குது, தின்னு போட்டுப் பாரு" என்றார். இந்தப் பக்கத்தில் யாரும் பெட்டியை முதலில் திறக்க விடுவதில்லை. சந்தகைக்குத் தேங்காய்ப் பால். சாப்பிட்டேன்.

பேரன் ரோபோவைக் கொண்டுவந்து தறிக்குப் பக்கத்தில் வைத்தார். காலடியில் சின்னதாக எஸ், எச் எழுத்து. ஹோரிகாவா! 1960-களின் ஜப்பான். நடந்துகொண்டே வந்து நின்று, மார்புக் கதவைத் திறந்து, துப்பாக்கிகள் மின்னச் சத்தத்தோடு உடம்பை ஒரு சுற்றுச் சுற்றும் வகை. போருக்குப் பின் ஜப்பானுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவற்றில் தகரப் பொம்மையும் ஒன்று. 1952 வரை வந்த பலவற்றில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் முத்திரை இருக்கும். தட்டையான தகரத் தகட்டில் முதலிலேயே மீட்டரும் குமிழும் வண்ணமாக அச்சடித்து, பிறகு அழுத்தி மடித்து, நாக்குகளைத் துளையில் நுழைத்து வளைத்துவிடுவார்கள். அதனால்தான் ரோபோவின் தோலில் தூரிகைத் தடமே இருக்காது.

பாட்டியின் வீட்டுக்காரருடைய தம்பி சிங்கப்பூரில் துணிக்கடையில் வேலை செய்தவர். அங்கிருந்து வந்தபோது மூத்த பையனுக்குக் கொண்டுவந்தார். பையன் பயந்து அழுததால் மேலே ஏற்றி வைத்தார்களாம். "அவன் இப்ப ஈரோட்டுல பேங்க் மேனேஜரு. இன்னமும் இதக் கண்டா மொகஞ் சுளிப்பான்" என்று சிரித்தார்.

பேட்டரிக் கதவைத் திறந்தேன். பழைய செல் இரண்டும் உள்ளேயே பொங்கி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தன. எந்தச் செல் ஒழுகியது என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். பழைய சாதாரணச் செல்லின் ஒழுகல் அமிலத் தன்மை உள்ளது, அதற்கு ஆப்பச்சோடா. இப்போதைய ஆல்கலைன் செல் என்றால் காரம், அதற்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. இது பழையது. பாட்டியிடம் ஆப்பச்சோடா கேட்டு வாங்கி, கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பஞ்சுக் குச்சியால் உள்ளே மட்டும் துடைத்தேன். வெளித் தகரத்தில் ஒரு சொட்டுப் படவிடவில்லை, அச்சுவண்ணம் உரிந்துவிடும். தகடுகளை மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன். சக்கர அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி. பெரிய செல் இரண்டு போட்டுச் சுவிட்சைத் தள்ளினால் ஒன்றுமில்லை. கீழ்ச் சக்கரத்தை விரலால் மெதுவாக உருட்டி மறுபடி தள்ளினேன்.

உறுமியது. பிறகு இடது கால் நகர்ந்தது.

தறி நின்றது. பாட்டியின் இளைய மகன்தான் நெய்துகொண்டிருந்தார், குழியிலிருந்து எட்டிப் பார்த்தார். தரையில் விரித்திருந்த ஜமக்காளத்தின் சிவப்புக் கோட்டின் மேல் ரோபோ ஆறடி எடுத்து வைத்து நின்றது. கதவு திறந்தது. ஒரு விளக்குதான் எரிந்தது, இன்னொன்று எரியவில்லை. உடம்பு முக்கால் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. "ஏஞ்சாமி, இதுக்கா அவன் அழுதான்!" என்றார் பாட்டி. இன்னொரு தரம் விடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தரம்.

விலை பேசும் முன், வெளிநாட்டில் இது என்ன விலை போகிறது என்று போனில் காட்டிவிடுவது என் வழக்கம். காட்டினேன். பேரன் கணக்குப் போட்டுப் பார்த்து, கை மாறும் செலவைக் கழித்து ஒரு தொகை சொன்னார். நியாயமான தொகை, பேரம் பேசவில்லை.

"பெட்டி இருக்குதுங்களா பாட்டி?" என்று கேட்டேன். தகர ரோபோவின் பெட்டி கிடைப்பது ரோபோ கிடைப்பதைவிட அரிது. பல சமயம் பொம்மையின் விலையைப் பெட்டியே இரட்டிப்பாக்கிவிடும்.

"இருக்குதே" என்று உள்ளே போய்க் கொண்டுவந்தார். மூடியில் சிவப்புக் கிரகம், பின்னால் ராக்கெட், முன்னால் இதே ரோபோ இரண்டு துப்பாக்கியும் கக்க நிற்கிறது. மூலைகள் ஒடியவில்லை. நிறம் மங்கவில்லை. என் கை நடுங்கியது. மூடியைத் திறந்தார். உள்ளே கந்தாய ரசீதுகள் வருடவாரியாக நூலில் கட்டி அடுக்கியிருந்தன. நெசவாளர் சங்கப் பாஸ்புக், வீட்டுக்காரரின் இறப்புச் சான்றிதழ், அடியில் ஒரு பழைய சிங்கப்பூர்த் தபால் உறை.

"இதக் குடுக்க முடியாது கண்ணு. இதுல வெச்சாத்தான் எனக்கு எடுக்கத் தெரியும்."

பேரன் புது எவர்சில்வர் டப்பா வாங்கித் தருகிறேன் என்றார். பாட்டி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு முடிந்தது. நான் வற்புறுத்தவில்லை. பெட்டியின் ஆறு பக்கத்தையும் திண்ணை வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொண்டேன். பாட்டி அதை வாங்கிப் போய்ப் பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார்.

வேனில் ரோபோவை ஒரு துண்டு ஜமக்காளத்தில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன். துண்டு பாட்டி தந்தது. மாமன் மகன் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டுகிறான். நோட்டில் எழுதியது: "ஹோரிகாவா ரோபோ. பவானி. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது. பையன் அழுதான். வலது விளக்கு எரியவில்லை. பெட்டி: பவானியிலேயே, பீரோ மேல்தட்டில், கந்தாய ரசீதுகளோடு."